வக்கீல் மேயராக வழி உண்டா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கில் சட்டம் படிக்கிறேன். வக்கீலாக இருந்து மேயராகத் தேர்தலில் நிற்க வேண்டுமா?

பதில் 1: தேர்தலே கிடையாது தம்பி. 1965-ல் ஊராட்சித் தேர்தல்கள் (நகர மன்றம் போன்ற உள்ளாட்சி மன்றங்களுக்கான தேர்தல்கள்) நிறுத்தப்பட்டன. 1976 ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கதவையே சாத்திவிட்டது. பினாங்கில் மேயரையும், 8 முதல் 24 வரையிலான மன்ற உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கும். கோலாலம்பூரில் டத்தோ பண்டாரை (மேயரை) நியமிப்பவர் மாமன்னர். ஒரு தவணை 5 ஆண்டுக்கு மிகாது. அங்கே மன்றம் இல்லை, ஆலோசனை வாரியம்தான்.

பதில் 2: 1957-ல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு மேயரான டி. எஸ். ராமநாதன் ஆசிரியர். வக்கீல் பட்டம் கட்டாயமில்லை!

பதில் 3: முதலில் 9 மாதச் சேம்பரிங்கை (மூத்த வக்கீலிடம் பெறும் பயிற்சியை) முடியுங்கள். முழுநேர மேயரானால் வக்கீல் தொழில் சான்றிதழுக்குச் சிக்கல்: சட்டத்தொழில் சட்டம் 30-ஆம் பிரிவு, வேறிடத்தில் வக்கீல் அல்லாத சம்பள வேலை பார்ப்பவருக்கு அதைத் தருவதில்லை. அதற்கு முன் மன்ற உறுப்பினர் பதவியைப் பாருங்கள். அங்கே வக்கீலின் கைவண்ணம் தெரிவது, நில மேம்பாட்டுக்கு மன்றம் தரும் திட்டமிடல் அனுமதிக் கோப்பில்தான். உள்ளூர்த் திட்டம் (பகுதிக்கான நிலப்பயன்பாட்டுத் திட்டம்) இல்லாத இடத்தில், அக்கம்பக்க நில உரிமையாளர் அறிவிப்பு கிடைத்த 21 நாளுக்குள் காரணத்தோடு ஆட்சேபிக்கலாம். அவரை விசாரிக்காமல் கையெழுத்திட்டால், நீதிமன்றத்தில் அனுமதியே ரத்தாகலாம்.