பிராக்கியோபாடு புதைபடிவம் ஒன்று கிடைக்குமா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். ராதாபுரம் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். உவரி கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள் பிள்ளைகளிடம் நிறைய இருக்கு. பிராக்கியோபாடுதான் இல்லை.

இதுவும் இரண்டு ஓட்டுக்குள் இருந்து கடல்நீரை வடிகட்டித் தின்கிற உயிர்தான். ஆனால் சிப்பிக்குச் சொந்தமில்லை. சிப்பியின் ஓடுகள் உடம்பின் இடமும் வலமும். இதன் ஓடுகள் மேலும் கீழும். அதனால் ஓர் ஓட்டின் நடுவில் கோடு போட்டால் இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். பல வகைகளில் பெரிய ஓட்டின் மூக்கில் (வளைந்த கூர்முனையில்) சின்னத் துளை ஒன்று தெரியும். அதன் வழியே சதைக்காம்பை நீட்டிப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நுண்மயிர் நிறைந்த லோபோஃபோர் என்ற உறுப்புதான் நீரை இழுத்து இரையைப் பிரிக்கும். செத்த சிப்பி வாய் பிளந்துவிடும்; இது பெரும்பாலும் மூடியே கிடக்கும், புதைபடிவத்திலும் அப்படியே.

50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்த கூட்டம் இது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பெர்மியன் பேரழிவில் பெரும்பகுதி போச்சு. லிங்குலா மாதிரி சில இன்றும் உண்டு.

அரியலூர் கிரிட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) பாறைப் படிவுகளில் எடுத்தது யாரிடமாவது இருக்கா? மூக்குத் துளை தெளிவாகத் தெரிந்தால் போதும். பாளையங்கோட்டை, நாங்குநேரி பக்கம் என்றால் நானே வந்து வாங்கி, வகுப்பில் காட்டிவிட்டு மறுநாளே கொண்டுவந்து தருகிறேன். கல்லைத் தர மனசில்லை என்றால், சரி, இரண்டு ஓடும் தெரிகிற மாதிரி கிட்ட வைத்து எடுத்த படமாவது அனுப்புங்க.