ஓஸ்டர்ப்ரோ மைதானத்தில் மேட்ச் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கோபன்ஹேகனில் பி.93 அணியின் ஆட்டத்துக்கு என் எட்டு வயது மகனைக் கூட்டிப்போக ஆசை. 1893இல் கிரிக்கெட் கிளப்பாகத் தொடங்கி, பிறகு கால்பந்தில் டென்மார்க் சாம்பியன் பட்டத்தை ஒன்பது முறை வென்ற அணி. கடைசியாக வென்றது 1946இல். இன்று அதைச் சின்ன கிளப் என்கிறார்கள்!

போன வாரம் இடம் பார்த்து வர ட்ரியாங்லன் மெட்ரோவில் இறங்கினேன். கண்ணுக்குப் பட்டதெல்லாம் பார்க்கென் என்ற பெரிய கால்பந்து அரங்கம்தான். ஓஸ்டர்ப்ரோ மைதானம் 1912இலேயே வந்தது. அந்தப் பிரம்மாண்டத்துக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தால், புல்லைச் சுற்றி ஓட்டப் பாதை. ஒருவர் குனிந்து வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பாதையால் ஆட்டம் ரொம்பத் தூரமாகத் தெரியுமா? பையனுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்? டிக்கெட் வாசலிலேயே கிடைக்குமா, முன்பே வாங்க வேண்டுமா? அப்புறம், மழை பெய்தால் ஒதுங்கக் கூரை உண்டா? இந்த ஊர் மழையை நம்ப முடியாது. போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.