பவர் பிரேக்குக்குச் சொல்: ‘துணைவிசைத் தடுப்பு’ என்பதை முன்மொழிகிறேன்

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

என்னிடமுள்ள பழைய மொரிஸ் மைனர் பிக்கப்பின் பிரேக்குக்குப் பூஸ்டர் (மிதிக்கும் விசையோடு மேலதிக விசையைச் சேர்த்து, பிரேக்கைப் ‘பவர் பிரேக்’ ஆக்கும் கருவி) பொருத்தும் வேலையைப் படிப்படியாகத் தமிழில் எழுதி வைக்க முற்பட்டபோது, முதல் வரியிலேயே சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். அதைக் கேட்டு எழுதிய மடலுக்கு வந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்தபின் இதனை எழுதுகிறேன்.

முதலில், பூஸ்டர் இல்லாத ‘மானுவல் பிரேக்’. இதனைக் ‘கைமுறைத் தடுப்பு’ என்று இருவர் பரிந்துரைத்திருந்தார்கள். காலால் மிதிப்பதைக் கைமுறை என்று சொல்வது ஒருபுறமிருக்க, வண்டியில் ஏற்கெனவே ஒரு கைத்தடுப்பு இருக்கிறது. வாசிப்பவர் அதைத்தான் நினைப்பார். மிதியில் கால் கொடுக்கும் விசை, நெம்பு அதைப் பெருக்குவதைத் தவிர வேறெந்தத் துணையுமின்றி, பிரேக் திரவத்தைக் குழாய்க்குள் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போவதால், ‘நேர்மிதித் தடுப்பு’ போதுமென்று நினைக்கிறேன்.

‘பவர்’ என்பதில்தான் சிக்கல். அது இலங்கைப் பாடநூல்களில் ‘வலு’, தமிழ்நாட்டில் ‘திறன்’. ‘எனர்ஜி’யும் அப்படித்தான்: நமக்குச் ‘சக்தி’யாக இருப்பது அங்கே ‘ஆற்றல்’. வலுத்தடுப்பா, திறன்தடுப்பா என்று ஏழெட்டு மடல்கள் ஓடிவிட்டன. இரு தரப்பினரும் மன்னிக்க வேண்டும். இரண்டுமே இங்கே பொருந்தவில்லை. ‘பவர்’ என்பது வண்டி விற்றவர்கள் வைத்த பெயர். இந்தக் கருவி மிதிக்கு மேலதிகமாகத் தருவது விசை மட்டுமே.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பின்னாலுள்ள ஒரு கராஜில் வேலை செய்யும் மூத்த மெக்கானிக். வேறொருவருடைய வான் வண்டியில் என்னை ஏற்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து முறை அழுத்தச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மிதி இறுகி, கடைசியில் செங்கல்லை மிதிப்பதுபோல நின்றது. “தம்பி, காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்கோ” என்றார். எஞ்சின் பிடித்ததும், நான் கூடுதலாக அழுத்தாமலே மிதி காலுக்குக் கீழே ஓர் அங்குலம் போல இறங்கியது. “இறங்கினா பூஸ்டர் நல்லம், இறங்காட்டி போச்சு” என்றார். எஞ்சின் நின்றாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழுப் பாரமும் காலுக்கு வரும் என்பதையும் அவரே சொன்னார். துணையாக வருவது, விலகினால் மூலவிசை மட்டும் எஞ்சுவது என்ற இந்த இயல்பு சொல்லில் தெரிய வேண்டும். ஆகவே ‘துணைவிசைத் தடுப்பு’. பூஸ்டருக்கு, அதன் உருண்டைத் தகரப் பெட்டி வடிவத்தையும் கருதி, ‘துணைவிசைக் கலம்’.

‘வெற்றிடத் தடுப்பு’ என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கலத்துக்குள் ஒரு மென்றகடு (டயபிரம்) இரு அறைகளைப் பிரிக்கிறது. பெற்றோல் எஞ்சினின் உள்ளெடுப்புக் குழாய் இரண்டு அறைகளிலிருந்தும் வளியை உறிஞ்சி வைத்திருக்கிறது. மிதித்தவுடன் வெளிவளி ஓர் அறைக்குள் மட்டும் புகுந்து மென்றகட்டைத் தள்ளுகிறது. அதாவது வேலையைச் செய்வது வளிமண்டல அமுக்கம். வெற்றிடம் அதற்கு வழிவிடுகிறது. 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மென்றகட்டில் 0.6 பார் அமுக்க வேறுபாடு இருந்தால் ஏறக்குறைய 2,900 நியூற்றன் விசை கிடைக்கும். கிட்டத்தட்ட 300 கிலோகிராம் பாரம் வைத்ததுபோல. இரண்டாவது காரணம், அந்தச் சொல்லுக்கு ரயில்வேயில் ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். ரயிலின் வெற்றிடத் தடுப்பில் வெற்றிடம் இழக்கப்பட்டால் சக்கரங்கள் இறுகும். நமது கருவியில் வெற்றிடம் இழக்கப்பட்டால் துணை போய்விடும். நேரெதிரான இரு நடத்தைகளுக்கு ஒரே பெயர் கூடாது. டீசல் எஞ்சினின் உள்ளெடுப்பில் போதிய வெற்றிடம் உண்டாவதில்லை என்பதால் தனிப் பம்பு வைக்கிறார்கள். ஸ்டியரிங் பம்பின் ஒயில் அமுக்கத்தால் இயங்கும் கலங்களும் உண்டு. பொதுச்சொல்லில் வெற்றிடத்தைக் கட்டிவைத்தால் இவையெல்லாம் வெளியே நிற்கும்.

பெல்ஜியப் பொறியியலாளர் அல்பேர் தெவாந்திரின் வடிவமைப்பை பொஷ் நிறுவனம் 1927இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் பெயரில் ‘சேர்வோ’ என்றே இருந்தது. அச்சொல்லின் இலத்தீன் வேர் அடிமையைக் குறிப்பதால் ‘ஏவல் தடுப்பு’ என்று ஒருவர் எழுதியது அழகாகவே இருந்தது. ஆயினும் ஏவல் என்றதும் இன்று ஏவுகணைதான் நினைவுக்கு வருகிறது. ‘விசைபெருக்கி’, ‘விசைகூட்டி’ இரண்டும் எனக்குப் பிடித்தவை; வீட்டில் சொன்னபோது இரண்டுமே விளக்குமாற்று வேலை என்று சிரித்தார்கள். ‘தடுப்பூக்கி’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பூஸ்டர் ஏற்றிக்கொண்ட எவரும் அதைத் தடுப்பூசி என்றே வாசிப்பார்.

இனி உட்பிரிவு. பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கும் மிதிக்கும் இடையில் கலம் அமர்கிறது. இதற்கு ‘மிதிவழிக் கலம்’ என்கிறேன். இவ்வகையில் மிதியின் நெம்பு விகிதத்தையும் குறைக்க வேண்டியிருக்கும். ஆறுக்கு ஒன்று என்றிருப்பதை நாலுக்கு ஒன்று அளவுக்குக் கொண்டுவராவிட்டால் விரல்நுனி பட்டாலே வண்டி குலுங்கி நிற்கும். மொரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருப்பதால் அங்கே கலத்துக்கு இடமில்லை. ஆகவே பிரேக் குழாயை இடையில் மறித்து, பொனற்றுக்குள் கலத்தை வைக்கிறோம். மிதி இருந்தபடியே இருக்கும். இதனை ‘ரிமோட் சேர்வோ’ என்பதால் ‘தொலைக்கலம்’ என எழுத முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டடி தூரத்தைத் தொலை என்பது மிகை. ‘குழாய்வழிக் கலம்’ போதும். ‘மிதித்துணை’ என்ற பரிந்துரை தோற்பதும் இங்கேதான்: இந்தக் கலம் மிதியைத் தொடுவதே இல்லை, குழாயிலுள்ள திரவத்தின் அமுக்கத்தைத்தான் கூட்டுகிறது.

என் குறிப்பேட்டின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘நேர்மிதித் தடுப்பைக் குழாய்வழித் துணைவிசைத் தடுப்பாக மாற்றுதல்.’ மறுப்புள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை குழாயை வெட்டுகிறோம்.