கொவிட் ஊசி போட்ட பிறகும் கட்டுப்பாடு வேண்டுமா? திருகோணமலையில் கண்டதைச் சொல்லுங்கள்

கரைவலைப் பிள்ளை, நிலாவெளி:
2021 ஆகஸ்ட் 20 இரவு தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சினோபார்ம் ஊசி இரண்டும் போட்டு முடித்திருந்தார்கள். ஊசி அட்டையைப் பொலித்தீனில் சுற்றி அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கடலுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் கடலில் வளைத்துப் போட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுக்க இருபது முப்பது பேர் வேண்டும். கூட்டம் கூடாதென்று கலைத்துவிட்டார்கள். வலை வளைத்த நாட்களிலும் மீன் ஏற்ற லொறி வரவில்லை, சூடை மீனைக் கருவாடு போட்டோம். வலை இழுக்கிறவர்களுக்கு அன்றன்றைய பங்குதான் வருமானம். ஒக்டோபர் 1 வரை அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது கடனில். திறந்த வெளியில் வேலை செய்கிறவரையும் மறிப்பதென்றால் ஊசி எதற்கு?

வார்டு அக்கா, உப்புவெளி:
தம்பி, அந்த ஆகஸ்டில் நான் கொவிட் வார்டில் வேலை. டெல்டா வகைக் கொவிட் பரவிய நேரம். ஒக்சிசன் கட்டில் ஒன்று காலியாகுமுன் அடுத்தவர் வாசலில் நிற்பார். மூச்சுக்குத் தவித்தவர்களில் ஊசி போடாத வயதானவர்கள்தான் கூட. இரண்டும் போட்டவர்களும் வந்தார்கள், அவர்களில் அனேகர் நடந்தே வீடு போனார்கள். ஊசியின் பலன் அதுதான். ஆனால் போட்டவருக்கும் தொற்றும், அவரிடமிருந்து மற்றவருக்கும் போகும். இரண்டாவது ஊசிக்குப் பிறகும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும். அப்பா போட்டிருந்தார், சரி. வலை இழுக்க வந்த இருபது வயதுப் பொடியன்களில் எத்தனை பேருக்கு அப்போது முதல் ஊசி கிடைத்திருந்தது? ஊசி நாட்டுக்கு வந்ததும் ஊரே போட்டு முடித்ததும் ஒன்றல்ல.

என் மனக்குறை வேறு. பூட்டியது பிந்திவிட்டது. கல்யாண வீடுகளையும் மண்டபங்களையும் ஜூலையிலேயே நிறுத்தியிருந்தால் உங்கள் கரையை மறிக்கத் தேவை வந்திராது என்றே நினைக்கிறேன்.

கிண்ணியா டீச்சர்:
எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஊசி தொடங்கியது 2021 ஜனவரி 29. அப்போதும் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, அதாவது உடல்களை, எரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே சொல்லியிருந்தும் பெப்ரவரி கடைசியில்தான் அனுமதி வந்தது. அதுவும் ஓட்டமாவடியில். என் பெரியவாப்பா அந்த ஜூலையில் கொவிட்டில் மௌத்தானார் (இறந்தார்). எங்கள் மையவாடி, அடக்கம் செய்கிற இடம், வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவரை மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனார்கள், பெரியம்மா முகம்கூடப் பார்க்கவில்லை. அவரவர் மையவாடியில் அடக்க 2022 மார்ச் வரை விடவில்லை. அக்கா சொல்கிற கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது, ஏற்கிறேன். இதற்கு என்ன காரணம்? இரண்டையும் ஒரே பெயரில் எங்கள் மேல் சுமத்தினார்கள்.

வார்டு அக்கா, உப்புவெளி:
டீச்சர், அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்கவில்லை. வார்டில் அந்தக் குடும்பங்களிடம் விஷயத்தைச் சொல்ல நிற்பதே எங்களுக்குப் பெரிய பாடு.

தம்பி, ஊர் முழுக்க ஊசி போட்டபின் உழைப்பை மறிக்கக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். மாஸ்க் கட்டாயமும் 2022 ஜூனில் போய்விட்டது. ஆனால் கிளினிக்கில் சிறுநீரக நோயாளிக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு உட்காருகிறவரிடம் இன்றைக்கும் மாஸ்க் போடச் சொல்கிறேன். அந்த ஒன்றை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.