பெரியப்பா வீட்டருகே சரளைக் குவாரி: சரிவு அறிக்கை குறித்த குடும்பக் குழு உரையாடல்

பெரியப்பா, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். நம் வீட்டு மதிலிலிருந்து 10 மீட்டர் தள்ளி, 12 மீட்டர் ஆழத்திற்குச் சரளை தோண்டப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்கான சரிவு நிலைத்தன்மை அறிக்கை இப்போது கைக்கு வந்திருக்கிறது. பாதுகாப்புக் காரணி 1.4 வருவதால் வீட்டுக்கும் கிணற்றுக்கும் ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மண் பொறியியல் படித்தவள் நீதானம்மா, பொறுமையாகப் பார்த்துச் சொல்.

அக்கா, காலை 8:47
முழுவதும் படித்துவிட்டேன் பெரியப்பா. கணக்கில் பிழை இல்லை; எந்த நிலைமைக்காக அந்தக் கணக்கைப் போட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. மண்ணைப் பிடித்து நிறுத்தும் வலிமையை, அதைச் சரியவைக்கும் விசையால் வகுத்தால் கிடைப்பதே பாதுகாப்புக் காரணி. அது 1 என்றால் சரிவு விழும் தறுவாயில் நிற்கிறது என்று பொருள். சரளையின் உராய்வுக் கோணத்தை, அதாவது உலர்ந்த சரளை சரியாமல் நிற்கக்கூடிய மிகச் செங்குத்தான சாய்வை, 35 பாகை என்றும், சரிவை 2 மீட்டர் கிடைக்கு 1 மீட்டர் உயரம் என்றும் எடுத்திருக்கிறார்கள். முதலாவதன் டேன்ஜென்ட் 0.70, சரிவின் டேன்ஜென்ட் 0.50, வகுத்தால் 1.4. ஆனால் இது உலர்ந்த சரளைக்கு மட்டுமே பொருந்தும். அதே சரிவு முழுவதும் நீரில் ஊறி, நீர் சரிவுக்கு இணையாகக் கசிந்தால், துகள்களுக்கு இடையிலான அழுத்தம் குறைந்து காரணி ஏறத்தாழப் பாதியாகிவிடும். அப்போது வருவது 0.7, அதாவது அந்தச் சரிவு நிற்காது.

நான், காலை 9:05
சரளையில் நீர் தங்காமல் வடிந்துவிடும் என்றுதானே சொல்வார்கள், அக்கா?

அக்கா, காலை 9:21
வடியும், ஆனால் எந்தப் பக்கம் வடியும் என்று பார். குழிக்குள் நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால், சுற்றியுள்ள நிலத்தடி நீர் அந்தக் குழியை நோக்கித்தான் வரும். வந்து சரிவின் அடிவாரத்தில் வெளியேறும்போது நுண்மணலையும் இழுத்துக்கொண்டு வரும். அடி கரைந்தால் மேலே இருப்பது தானாக இறங்கும். இந்த அறிக்கை நீர்மட்டத்தை 13 மீட்டர் ஆழத்தில், அதாவது குழியின் தரைக்கும் கீழே வைத்துக் கணக்கிட்டிருக்கிறது. மண்ணையும் நீர்மட்டத்தையும் அறியத் துளையிட்டது, நீர் தாழ்ந்திருக்கும் கோடையில் என்று பின்னிணைப்பில் இருக்கிறது.

அத்தை, காலை 10:02
எங்கள் பக்கம் சாலைக்காக வெட்டிய சரளை மேடு பல மாதங்களாகச் செங்குத்தாகவே நிற்கிறதே. அதைப் பார்த்தால் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

அக்கா, காலை 10:15
அத்தை, ஈரமணலைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும், காய்ந்தால் உதிரும், நீரை ஊற்றினால் கரையும். துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறிதளவு ஈரம் இழுத்துப் பிடிப்பதால் வரும் தற்காலிகப் பிடிப்பு அது. அதை நம்பி வீட்டருகே வெட்டக் கூடாது. அதைவிடக் கவலையளிப்பது ஒன்று உண்டு: 2-க்கு 1 என்பது தோண்டி முடித்தபின் சீரமைக்கப்படும் இறுதிச் சரிவு. தோண்டும் காலத்தில் இயந்திரம் ஏறத்தாழச் செங்குத்தாகவே வெட்டும் என்று அவர்களது வரைபடமே காட்டுகிறது, ஆனால் அந்த இடைநிலைக்கு ஒரு கணக்கும் இல்லை. 12 மீட்டர் வெட்டுமுகத்தின் அடியிலிருந்து 2-க்கு 1 சாய்வில் ஒரு கோடு வரைந்தால், அது 24 மீட்டர் பின்னால்தான் தரையைத் தொடும். மதிலோ 10 மீட்டரில் இருக்கிறது.

பெரியப்பா, காலை 11:30
நீ சொன்னபின் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிணற்றின் உட்சுவரில், உறை முடியும் இடத்திற்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 4 மீட்டரில், ஒரு சாண் அளவுக்குச் சாம்பல்நிறக் களிமண் பட்டை சுற்றிலும் தெரியும். அதன் மேல்விளிம்பில் மழைக்காலம் முழுவதும் நீர் கசிந்து பாசி படிந்திருக்கும். அது குவாரி இருக்கும் திசையில் சற்றே சரிந்து செல்வதைப் போலவும் தெரிகிறது.

அக்கா, காலை 11:52
இதுதான் பெரியப்பா, மிக முக்கியமான செய்தி. அவர்களது மூன்று துளைகளிலும் களிமண் குறிக்கப்படவே இல்லை, அவை எல்லாமே நம் எல்லையிலிருந்து தொலைவில் இடப்பட்டவை. பிஷப் என்ற மண் பொறியாளர் 1955-இல் வெளியிட்ட எளிய முறையைக் கொண்டு, வட்டவில் சரிவை, அதாவது மண் ஒரு வளைந்த பரப்பின் மீது சறுக்குவதை, மட்டும் தேடியிருக்கிறார்கள். மெல்லிய களிமண் பட்டை குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், மண் வட்டமாக அல்ல, அந்தப் பட்டையின் மேலேயே ஒரு பாளமாக வழுக்கி நகரும். வட்டத்தில் தேடினால் அது கண்ணுக்கே படாது. களிமண்ணின் உராய்வுக் கோணம் சரளையினுடையதைவிட மிகக் குறைவு.

சித்தப்பா, மதியம் 1:10
அமெரிக்காவின் கொலராடோ மாநில விதிகளில், குவாரியால் பாதிக்கப்படும் நிலத்திலிருந்து 200 அடிக்குள் பிறருடைய நிரந்தரக் கட்டுமானம் இருந்தால், ஒன்று சேதத்திற்கு ஈடுசெய்வதாக உரிமையாளரோடு உடன்பாடு வேண்டும், இல்லையேல் சேதம் வராது என்பதைப் பொறியியல் மதிப்பீட்டால் காட்ட வேண்டும். நாமும் மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்களுடையதே என்று எழுதிக் கேட்கலாம்.

அக்கா, மதியம் 1:34
சரியாகச் சொன்னீர்கள் சித்தப்பா. கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். நம் மதிலோரம் புதிய துளைகள் வேண்டும். களிமண்ணுக்கு மேலும் கீழும் தனித்தனியாக நீரழுத்தமானிகள் பொருத்தி ஒரு மழைக்காலமாவது அளக்க வேண்டும். தோண்டும் நிலைக்கும் தனிக் கணக்கு வேண்டும். வீடுகள் அருகில் இருக்கும்போது நீண்டகாலச் சரிவுக்கு 1.5 எதிர்பார்ப்பது பொறியாளர்களிடையே பரவலான வழக்கம், ஆகவே அவர்களது 1.4-ஏ போதாது. பெரியப்பா, கிணற்றுக்குள் இறங்க வேண்டாம், மேலிருந்து கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை மட்டும் அளந்து தேதியுடன் குறித்து வையுங்கள்.

பெரியப்பா, மாலை 6:05
அளந்துவிட்டேன் அம்மா. தரையிலிருந்து 5 மீட்டர் 40 சென்டிமீட்டரில் நீர் நிற்கிறது. இருமுறை கயிற்றை விட்டுப் பார்த்தேன்.

அக்கா, மாலை 6:09
களிமண்ணுக்கு மேலிருந்து சொட்டும் நீரும் இதில் கலந்திருக்கக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் இது அறிக்கையில் உள்ள 13 மீட்டர் இல்லை. கடிதத்தின் முதல் வரியிலேயே இந்த அளவைச் சேர்க்கிறேன்.