புதுப்பிப்பு: கீமோவுக்குப் பிறகு மாமாவுக்கு விடாத காய்ச்சல், காரணம் கண்டுபிடித்தாச்சு

கீமோ ஏற்றிய மாமாவுக்கு அன்டிபயோட்டிக் போட்டும் ஆறு நாளாகக் காய்ச்சல், எக்ஸ்ரே சுத்தம், சளியிலும் ஒன்றுமில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். அவருக்கு ஏ.எம்.எல். என்ற இரத்தப் புற்றுநோய். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“எக்ஸ்ரேயை நம்பாதீங்க, சீடீ ஸ்கேன் கேளுங்க” என்ற யோசனைதான் பலித்தது. வெள்ளணு குறைந்திருந்தால் எக்ஸ்ரேயில் நிழல் விழப் பிந்துமாம். மட்டக்களப்பில் எடுத்த சீடீயில் வலது நுரையீரலில் ஒரு முடிச்சு, சுற்றிவர நிலா கோட்டை கட்டினது மாதிரி மங்கல் வளையம். பங்கசு, அதாவது பூஞ்சணத் தொற்று என்று சந்தேகம். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஏற்றிவிட்டு, குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் கலக்டோமனன் என்ற பூஞ்சணச் சோதனை பொசிட்டிவ்: அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணம். இதே சோதனை இரத்தத்தில் நெகட்டிவாகத்தான் வந்தது, கவனியுங்கள். டீபீயும் பார்த்தார்கள், இல்லை.

வொரிகொனசோல் என்ற பூஞ்சண மருந்து தொடங்கி ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் மாமா வாட்டு லைற்றைப் பார்த்து, “மருமகன், எல்லாம் நீலமாத் தெரியுது” என்றார். மருந்தின் வேலைதானாம், சில நாளில் போய்விட்டது. அடுத்த வாரச் சீடீயில் முடிச்சு பெருத்திருந்ததும் எங்களுக்கு உயிரே போய்விட்டது. முதல் வாரத்தில் அப்படிப் பெருப்பது வழமை, ஆளைப் பாருங்கள் என்றார் டொக்டர். இப்போது சுருங்குகிறது.

பூஞ்சணம் பிடிக்கும் என்று வீட்டுக்குப் பின்னாலிருந்த வைக்கலை அகற்றச் சொன்னார்கள். மாட்டுக்கு என்னத்தைப் போடுவது என்று மாமி இன்னும் சண்டை.