நான்கு பிஸ்டன் காலிப்பருக்கு மாறினால் பிரேக்கின் பலம் இருமடங்காகுமா?

குளச்சல்_பயணி:
வணக்கம். என்னுடையது 150 சிசி பைக். முன்சக்கரத்தில், டிஸ்க்கின் ஒரே பக்கத்தில் 27 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பிஸ்டன்கள் அமைந்த ஃப்ளோட்டிங் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும், நகரக்கூடிய பாகம்) இருக்கிறது. வேலை நிமித்தம் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்கு அப்பாலுள்ள ரப்பர் தோட்டங்களுக்குப் போய் வருகிறேன். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், பாதி வழியிலேயே லீவர் கொழகொழவென்று ஆகி, கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்துவிடுகிறது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பிஸ்டன்கள் உள்ள காலிப்பரை மாட்டினால் பலம் இருமடங்காகும் என்று நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர் சொல்கிறார். செலவு அதிகம் என்பதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன்.

தக்கலை_பட்டறை:
தம்பி, பிஸ்டன்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரேக்கின் பலத்தைக் கணக்கிட முடியாது. ஃப்ளோட்டிங் காலிப்பரில் பிஸ்டன்கள் தம் பக்கத்துப் பேடை, அதாவது உராய்ந்து நிறுத்தும் கட்டையை, டிஸ்க்கில் அழுத்தியதும், அதன் எதிர்விசையால் காலிப்பரின் உடல் ஸ்லைடு பின்களின் மீது நகர்ந்து, மறுபக்கத்துப் பேடையும் அதே விசையுடன் இழுத்து அழுத்துகிறது. நான்கு பிஸ்டன் காலிப்பரில் அந்த மறுபக்க வேலையை எதிரே உள்ள இரண்டு பிஸ்டன்கள் செய்கின்றன, அவ்வளவுதான். ஆகவே கணக்கில் வருவது ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு மட்டுமே. உங்கள் 27 மி.மீ. பிஸ்டன்கள் இரண்டுக்கும் சேர்த்து அது சுமார் 1,145 சதுர மி.மீ. வருகிறது. புதிய காலிப்பரிலும் நான்கும் 27 மி.மீ. என்றால், அதே டிஸ்க், அதே தரத்துப் பேட், அதே மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் பாகம்) இருக்கும்வரை பலம் துளியும் கூடாது.

பக்கத்துக்கு ஒரு 30 மி.மீ., ஒரு 32 மி.மீ. பிஸ்டன் இருந்தால் பரப்பு சுமார் 1,511 ஆகி, அதே கை அழுத்தத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விசை கிடைக்கும். ஆனால் அந்தப் பெரிய பிஸ்டன்களை நகர்த்த அதிக பிரேக் ஆயில் தேவைப்படுவதால், மாஸ்டர் சிலிண்டரை மாற்றாவிட்டால் லீவர் இப்போது இருப்பதைவிட இன்னும் உள்ளே வரும். நீங்கள் சொல்லும் குறையே அதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

முட்டம்_கரை:
அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி. நண்பரின் வண்டியில் கோளாறு வேறிடத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால், சூட்டில் பேட் பிடிமானத்தை இழந்திருக்கிறது என்று பொருள். லீவரே கொழகொழத்தால், ஆயில் கொதித்து ஆவி உண்டாகியிருக்கிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் பழைய ஆயிலை நம்பி மலை இறங்குவது ஆபத்து. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

இன்னொன்று, நீங்கள் கடலோரத்தில் வண்டியை நிறுத்துகிறவர். ஸ்லைடு பின்னின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உப்புக்காற்றும் மழைநீரும் உள்ளே போய்ப் பின் துருப்பிடித்து இறுகும். பிறகு காலிப்பர் நகராது. பிஸ்டன் பக்கத்துப் பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்க, எதிர்ப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மீதமிருக்கும். இரண்டு பேடையும் கழற்றி அருகருகே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குளச்சல்_பயணி:
மிக்க நன்றி. வண்டி வாங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயிலை மாற்றியதே இல்லை. அப்படியானால் நான்கு பிஸ்டன் காலிப்பர்களால் உண்மையில் பயனே கிடையாதா?

தக்கலை_பட்டறை:
பயன் உண்டு தம்பி. அது வேறு வகையானது. இருபக்கமும் பிஸ்டன் இருப்பதால் நகரும் பாகம் குறைகிறது. உடலும் விறைப்பாக இருப்பதால், கையின் அழுத்தம் காலிப்பரை வளைப்பதில் வீணாகாமல் பேடுக்கே போகிறது. ரேடியல் முறையில், அதாவது இரு முனைகளிலும் போல்ட் போட்டுப் பொருத்துவதும், ஒரே உலோகக் கட்டியில் காலிப்பரைக் கடைந்தெடுப்பதும் இந்த விறைப்புக்காகத்தான். நீளமான, உயரம் குறைந்த பேடைப் பயன்படுத்த முடிவதால் அழுத்தம் டிஸ்க்கின் வெளிவிளிம்பை ஒட்டி விழுகிறது. மையத்திலிருந்து தூரம் கூடினால் நிறுத்தும் திருப்புவிசையும் கூடும். டிஸ்க் முதலில் நுழையும் முனையில் பேட் சீக்கிரம் தேய்வதால், அங்கே சிறிய பிஸ்டனையும் மறுமுனையில் பெரியதையும் வைத்துத் தேய்மானத்தைச் சமன்செய்கிறார்கள். எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலுக்குத் துல்லியமாகத் தெரிவதே இவற்றால் கிடைக்கும் பெரிய லாபம்.

ஆனால் நிற்கும் தூரத்துக்கு எல்லை வகுப்பது டயர். உலர்ந்த சாலையில் முன்சக்கரத்தில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலைசெய்யும் அளவுக்கு உங்கள் பிரேக் இப்போதே பிடிக்கிறது என்றால், எந்தக் காலிப்பரை மாட்டினாலும் அந்தத் தூரம் குறையாது. அந்த ஃபோர்க்குக்கென்று வடிவமைக்காத காலிப்பரை வெட்டியொட்டிய தகட்டில் மாட்டித் தருவதாகக் கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இப்போதைக்கு ஆயிலை முழுவதும் மாற்றிக் காற்றெடுக்கச் சொல்லுங்கள். இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஸ்லைடு பின்களைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் பூசி, புது ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள். அதற்குப் பிறகும் லீவர் உள்ளே வந்தால், மாஸ்டர் சிலிண்டரின் சீலைப் பார்க்க வேண்டும்.